வில்லி நெல்சனை எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சனின் முதல் ஆல்பம் 1962இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஸ்டுடியோ ஆல்பங்களை மட்டும் எண்ணினாலே எழுபதைத் தாண்டும். இந்தக் குவியலைப் பார்த்துத் திகைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் 'சிறந்த பாடல்கள்' தொகுப்பு ஒன்றைக் கேட்டுவிட்டு, நல்ல குரல், நல்ல மெட்டு என்று நகர்ந்துவிடுகிறார்கள். அப்படி நகர்ந்தால் பெரிய நஷ்டம். அவருடைய முக்கியமான பாடல்கள் சில தனிப்பாடல்களே அல்ல. ஒரு கதையின் நடுவே உட்கார்ந்திருப்பவை. பிய்த்து எடுத்தால் மெட்டு கையோடு வரும், பாட்டின் பொருள் அங்கேயே தங்கிவிடும்.

அதனால் தொகுப்பு வேண்டாம். முழு ஆல்பம் ஒன்றில் தொடங்குங்கள். தொடக்கத்துக்கு ஏற்றவை என்று கருதத்தக்கவை நான்கு: 'ஷாட்கன் வில்லி' (1973), 'ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்' (1974), 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' (1975), 'ஸ்டார்டஸ்ட்' (1978). நான்கும் ஐந்தே ஆண்டுகளுக்குள் வந்தவை. நாற்பதாவது வயதில் தொடங்கி நாற்பத்தைந்துக்குள், பிறருக்குப் பாட்டெழுதிக் கொடுத்தவர் அமெரிக்கா முழுவதும் தெரிந்த பாடகரானார்.

என் தேர்வு 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்'. ஒரு நிபந்தனை உண்டு. முப்பத்து மூன்று நிமிடம் எழுந்திருக்காமல் கேட்க முடிய வேண்டும். அது முடியாது என்றால் 'ஸ்டார்டஸ்ட்'. காரணங்களைப் பார்ப்போம்.

முதலில் நாஷ்வில்லில் நடந்தது

டெக்சஸின் ஆபட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்த நெல்சன், 1960இல் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போனார். அடுத்த ஆண்டே அவர் எழுதிய 'கிரேசி'யை பாட்ஸி கிளைனும், 'ஹலோ வால்ஸ்' பாடலை ஃபாரன் யங்கும் பாடிப் பெரும் வெற்றி கண்டார்கள். எழுத்தாளராக அவருக்குக் கதவு திறந்துவிட்டது. பாடகராகத் திறக்கவில்லை. 1960களின் நடுவிலிருந்து 1972 வரை ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஆல்பம் ஆல்பமாகப் பாடினார், பெரும்பாலானவை விற்கவில்லை.

அவர் குரலில் குறை இல்லை. கோளாறு வேலைமுறையில்தான் இருந்தது. அன்றைய நாஷ்வில்லில் பாடகர் வந்து பாடுவார், ஸ்டுடியோவின் நிரந்தர வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள், அதன்மேல் வயலின் கூட்டமும் கோரஸும் ஏற்றப்படும். வயலின் பகுதிகள் தாளக்கட்டுக்கு அச்சாக எழுதப்பட்டவை. நெல்சனோ தாளத்தின்மேல் நேராக உட்கார்ந்து பாடுகிறவர் அல்ல. நம் கர்நாடக இசையில் அதீதம், அனாகதம் என்று எடுப்புக்குப் பெயர் உண்டே, அவர் ஒவ்வொரு வரியிலும் அதைச் செய்வார்: ஒரு வரியை முன்னால் தள்ளுவார், அடுத்ததைத் தாமதமாக இறக்குவார், கடைசிச் சொல்லில் வந்து சேர்ந்துகொள்வார். இப்படிப் பாடுகிறவருக்குப் பின்னால் கட்டுக்கோப்பான வயலின் கூட்டத்தை நிறுத்தினால் இரண்டும் இடித்துக்கொள்ளும். அவர் தப்பாகப் பாடுவதுபோலக் கேட்கும். அந்தக் காலத்து ஆல்பங்களில் தொடங்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். அவரை நன்றாகப் பழகிய பிறகு போய்க் கேட்கலாம், 1971இன் 'யெஸ்டர்டேஸ் வைன்' குறிப்பாக.

1970 டிசம்பரில் டென்னசியில் இருந்த அவர் வீடு தீப்பிடித்தது. டெக்சஸுக்குத் திரும்பினார். 1972இல் ஆஸ்டினில் குடியேறியபோது, நீண்ட முடி வளர்த்த ராக் ரசிகர்களும் கவ்பாய் தொப்பிக்காரர்களும் ஒரே கொட்டகையில் நின்று அவரைக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால்தான் அவருடைய சொந்த பேண்ட் உருவானது. அக்கா பாபி நெல்சன் பியானோ, பால் இங்கிலிஷ் டிரம்ஸ், பீ ஸ்பியர்ஸ் பேஸ் கிட்டார், மிக்கி ராஃபேல் ஹார்மோனிகா. நெல்சன் கையிலே டிரிகர்.

டிரிகர் என்பது அவர் 1969இல் வாங்கிய மார்ட்டின் என்-20 கிட்டார். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் வகை. விரலால் மட்டும் மீட்டச் செய்யப்பட்டது. பிளாஸ்டிக் பிக் வைத்து அடித்தால் மரம் தேயும், தேய்ந்தது. ஒலித்துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழுந்திருக்கிறது. அதில் பொருத்திய பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பகுதி) வேறொரு உடைந்த கிட்டாரிலிருந்து எடுத்தது. கன்ட்ரி இசைக்கு வழக்கமான எஃகுக் கம்பியின் பளபளப்பு இதில் வராது. மொத்தமான, உலர்ந்த, கொஞ்சம் ஸ்பானிய வாடை அடிக்கும் ஒலி. நான்கு ஆல்பங்களிலும் உங்களுக்கு வழிகாட்டி இந்த ஒலிதான். எந்த ஆல்பத்தில் அது எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று கவனித்தாலே வேறுபாடு பிடிபட்டுவிடும்.

ஷாட்கன் வில்லி: பேண்டைக் கேட்க விரும்புபவருக்கு

1973 பிப்ரவரியில் நியூயார்க்கில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஸ்டுடியோவில் பதிவானது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் பேர்போன அட்லாண்டிக் அப்போதுதான் கன்ட்ரிப் பிரிவு தொடங்கியிருந்தது. தயாரிப்பில் முக்கியக் கை ஆரிஃப் மார்டினுடையது. சொந்த பேண்டை ஸ்டுடியோவுக்குள் அழைத்துவர இங்கேதான் இடம் கிடைத்தது. மேடையில் அவர் பல பத்தாண்டுகளாக நிகழ்ச்சியைத் தொடங்கப் பாடிவரும் 'விஸ்கி ரிவர்' இதில் உண்டு. எழுதியவர்கள் ஜானி புஷ்ஷும் பால் ஸ்ட்ரவுடும். பாப் வில்ஸின் டெக்சஸ் ஸ்விங் பாட்டும், லியோன் ரசலின் பாட்டும் உண்டு.

உற்சாகமான ஆல்பம், சந்தேகமே இல்லை. ஆனால் முதல் ஆல்பமாகப் பரிந்துரைக்க மாட்டேன். பாட்டுக்குப் பாட்டு திசை மாறுகிறது. ஊதுகருவிகள் வருகின்றன, வயலின் வருகிறது, பிறகு தனிக்குரல். ஒரு மனிதர் பூட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து எல்லாப் பக்கமும் ஓடிப் பார்க்கும் ஆல்பம் இது. அவர் எங்கே போகப் போகிறார் என்று தெரிந்தபின் கேட்டால் இன்னும் சுவைக்கும். வண்டி ஓட்டும்போது, வீட்டில் வேலை செய்யும்போது கேட்க நான்கில் இதுவே பொருத்தம்.

ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்: எழுத்துக்காக வருபவருக்கு

பாடல் வரியை ஊன்றிக் கேட்பவரானால் இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். நான்கில் எழுத்து மிகச் சிறந்தது இதுதான். எல்லாப் பாடல்களும் நெல்சன் எழுதியவை. ஒரு மணமுறிவு. இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்கப் பெண்ணின் குரல், இரண்டாம் பக்கம் ஆணின் குரல்.

பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பதில் கதை தொடங்குகிறது. அவள் புறப்படுகிறாள், தாய்வீட்டுக்கு வருகிறாள், மூலைக்கடையில் ஆடப் போகிறாள், மறுபடி காதல் வருமோ என்று அஞ்சுகிறாள். தட்டைத் திருப்பிப் போட்டதும் 'பிளடி மேரி மார்னிங்': விமானத்தில், காலையிலேயே மதுவோடு, ஆண். அவள் பக்கம் மெதுவாக நடந்தது. அவன் பக்கம் பதற்றத்தோடு பறக்கிறது. தலைப்புப் பாட்டின் சிறு துண்டு நடுநடுவே திரும்பத் திரும்ப வந்து பாடல்களைக் கோர்க்கிறது. இரண்டாம் பக்கத்தின் 'ஐ ஸ்டில் காண்ட் பிலீவ் யூ ஆர் கான்' டிரம்மர் பால் இங்கிலிஷின் மனைவி இறந்தபோது எழுதியது. மணமுறிவுக் கதைக்குள் ஒரு மரணத்தின் பாட்டு இருப்பது தெரிந்தபின் அதன் கனம் புரியும்.

பிறகு ஏன் இதை முதலாவதாகச் சொல்லவில்லை? பதிவான இடம் அலபாமாவின் மசல் ஷோல்ஸ், தயாரித்தவர் ஜெரி வெக்ஸ்லர், வாசித்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரின் ஸ்டுடியோ கலைஞர்கள்: பாரி பெக்கெட், ரோஜர் ஹாக்கின்ஸ், டேவிட் ஹூட். ஒரு பிசிறு கிடையாது, அவ்வளவு அழகாக வாசித்திருக்கிறார்கள். ஆனால் பாடகரின் தாள விளையாட்டோடு சேர்ந்து வளைந்து நெளியப் பழகிய கைகள் அல்ல அவை. கதை அவருடையது, சுவாசம் பாதி வேறொருவருடையது. அட்லாண்டிக் அதே ஆண்டு கன்ட்ரிப் பிரிவை மூடிவிட்டதால் ஆல்பத்துக்குப் போதிய விளம்பரமும் கிடைக்கவில்லை.

ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்: நடுத்தூண்

கொலம்பியா நிறுவனத்தோடு அடுத்த ஒப்பந்தம். அதில் முக்கியமான ஒரு ஷரத்து: எதைப் பதிவு செய்வது, எப்படிப் பதிவு செய்வது என்பது முழுக்க நெல்சனின் உரிமை. 1975 ஜனவரியில் டல்லாஸுக்குப் பக்கத்தில் கார்லண்ட் என்ற ஊரில், ஆட்டம் சவுண்ட் என்ற புது ஸ்டுடியோவில், ஒலிப்பொறியாளர் ஃபில் யார்க்குடன் சில நாட்களில் முடித்தார். செலவு சுமார் 4,000 டாலர் என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. சொந்த பேண்ட், சொந்தத் தயாரிப்பு. பெரும்பாலான இடங்களில் குரல், டிரிகர், பேஸ், பியானோ, தேவையான இடத்தில் ஹார்மோனிகா. டிரம்ஸ் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். கொலம்பியாவின் மேலிடத்தில் கேட்டவர்களுக்கு இது முடிக்காத மாதிரிப் பதிவு போலவே பட்டது. ஷரத்து காப்பாற்றியது. கேட்டபடியே மே மாதம் வெளிவந்தது.

கதை இதுதான். '01ஆம் ஆண்டு. ஒரு போதகர். மனைவி பழைய காதலனோடு போய்விடுகிறாள். தேடிக் கண்டுபிடித்து இருவரையும் கொன்றுவிடுகிறான். தன் கறுப்புக் குதிரையிலேறி, அவளுடைய குதிரையைக் கூட இழுத்துக்கொண்டு, ஊர் ஊராகத் திரிகிறான். அந்தக் குதிரையின்மேல் கை வைத்த இன்னொரு பெண்ணையும் கொல்கிறான். இரண்டாம் பக்கத்தில் டென்வர் நகரம், ஒரு நடனம், ஒரு பெண், மெல்ல மெல்ல ஓர் அமைதி.

தலைப்புப் பாட்டு நெல்சன் எழுதியது அல்ல. 1950களில் எடித் லிண்டெமனும் கார்ல் ஸ்டட்ஸும் எழுதியது. ஃபோர்ட் வொர்த் வானொலியில் அறிவிப்பாளராக இருந்த நாட்களிலேயே அவர் ஒலிபரப்பியது, பிறகு தன் பிள்ளைகளுக்குத் தாலாட்டாகப் பாடியது. ஆல்பத்தின் வேறு பல பாடல்களும் பிறர் எழுதிய பழைய பாட்டுகளே. நாஷ்வில்லே கொண்டாடிய ஓர் எழுத்தாளர், தன் வாழ்க்கையின் திருப்புமுனை ஆல்பத்தில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு கோர்ப்பதில் இறங்கினார். கோர்த்த விதத்தில்தான் மேதைமை இருக்கிறது.

எடுத்துக்காட்டு ஒன்று போதும். 'புளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெயின்' ஃபிரெட் ரோஸ் எழுதியது. 1947இலேயே ராய் ஏகஃப் பாடிவிட்டார். தனியாகக் கேட்டால் பிரிந்த காதலியை நினைத்து உருகும் எளிய பாட்டு. தொகுப்புகளில் அப்படித்தான் கேட்கிறோம். ஆல்பத்தில் அது வரும் இடம் எது? கொலை நடந்த பாட்டுக்கு நேர் அடுத்து. மழையில் அழுத கண்களை நினைத்துப் பாடுகிறவன் அந்தக் கண்களைத் தானே மூடியவன். மெட்டு மாறவில்லை, சொல் மாறவில்லை. பாட்டு வேறாகிவிட்டது.

அதே பக்கத்தின் முடிவில் பாபி நெல்சன் பியானோவில் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' வாசிக்கிறார். தேவாலயங்களில் மனந்திரும்பி முன்வரச் சொல்லி அழைக்கும்போது பாடும் துதிப்பாட்டு அது. போதகன் கொலைகாரனாகிவிட்டான், துதிப்பாட்டு வருகிறது, சொற்கள் இல்லை. இதைவிடக் கச்சிதமாக ஒரு பக்கத்தை முடித்த கன்ட்ரி ஆல்பத்தை நான் கேட்டதில்லை. இரண்டாம் பக்கத்தில் 'டென்வர்' ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. அதன் பிறகு வரும் இரண்டு வாத்திய இசைத் துண்டுகளே நடனக் கூடமாகின்றன. கடைசியில் 'பண்டேரா', மறுபடி சொற்களற்ற கிட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பெண்கள் கொல்லப்படும் கதை இது. கொன்றவன் அமைதி பெறுகிறான், சட்டமும் அவனை விட்டுவிடுகிறது. பழைய மேற்குக் கதைப்பாடல்களின் மரபு அது என்பது விளக்கம்; சமாதானம் அல்ல. அது உறுத்தும் என்றால் 'ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்' உங்களுக்கு நல்ல தொடக்கம். ஓர் ஆண் எழுதிய பெண்குரல் இவ்வளவு நியாயமாக அமைவது அபூர்வம்.

விளைவு: 'புளூ ஐஸ்' 1975 அக்டோபரில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். பாடகராக நெல்சனின் முதல் முதலிடம், 42 வயதில். பொதுப் பட்டியலில் 21. கிராமி விருது. ஆல்பமும் கன்ட்ரி பட்டியலின் உச்சிக்குப் போனது. அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுக் காப்பகப் பட்டியலில் பின்னர் சேர்க்கப்பட்டது. அதைவிடப் பெரிய விளைவு, அதற்குப் பிறகு 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்று அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் எளிதில் வரவில்லை.

ஸ்டார்டஸ்ட்: அந்தச் சுதந்திரத்தின் பலன்

அந்தத் தைரியக் குறைவு இல்லாவிட்டால் 'ஸ்டார்டஸ்ட்' வந்திருக்காது. கன்ட்ரியில் கலகக்காரர் என்று பெயரெடுத்த உச்சத்தில், ஹோகி கார்மைக்கேல், இர்விங் பெர்லின், கெர்ஷ்வின், டியூக் எலிங்டன் என்று பெரும்பாலும் தன் பால்யத்துக் காலப் பாடல்களாகப் பத்தை எடுத்துப் பாடினார். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ், மெம்ஃபிஸ் சோல் இசையின் ஆர்கன் கலைஞர். கொலம்பியாவில் மறுபடி தயங்கினார்கள். 1978 ஏப்ரலில் வெளிவந்த ஆல்பம் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் பத்தாண்டு இருந்தது. 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்', 'புளூ ஸ்கைஸ்' இரண்டும் முதலிடம்.

கதை கிடையாது, பத்துப் பாடலும் தனித்தனியே நிற்கும். எந்த வரிசையில் போட்டாலும் கெடாது. பேண்ட் அதேதான், மேலே ஆர்கனும் அளவான வயலினும். நாஷ்வில் வயலின் இடித்ததே, இங்கே ஏன் இடிக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள்: புக்கர் டி. குரலுக்கு இடம்விட்டு எழுதியிருக்கிறார், நீளமான சுரங்களை அடியில் விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். கன்ட்ரி என்றாலே ஒவ்வாத காதுக்கும் இது இறங்கும். இதில் தொடங்குபவர் இழப்பது ஒன்றுதான்: இவ்வளவு இலகுவாகப் பாட அவர் எதையெல்லாம் கடந்து வந்தார் என்பது தெரியாது.

எந்த வடிவில் கேட்பது

'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' கெட்டுப்போவது பெரும்பாலும் ஆல்பத்தால் அல்ல, பிளேயரின் அமைப்பால். ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் முதலில் பாட்டு வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணையுங்கள். பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். 'டைம் ஆஃப் தி பிரீச்சர்' மெட்டு மூன்று இடத்தில் வருகிறது, அதில் ஒன்று அரை நிமிடம்கூட இல்லை, பத்து வினாடி கலந்தால் அது காணாமலே போய்விடும். இடைவெளியற்ற ஒலிப்பை இயக்குங்கள். ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டு ஓடும் வசதியையும் நிறுத்துங்கள்.

பிறகு எத்தனை தடங்கள் என்று பாருங்கள். அசல் 15. 2000இல் வந்த மறுவெளியீட்டில் 19. பாக் பெயரில் வழங்கும் மினுவெட் என்ற நடன இசை ஒன்று, ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டு ஒன்று என நான்கு கூடுதல். அவை நன்றாகவே இருக்கின்றன, ஆனால் 'பண்டேரா'வோடு கதை முடிந்தது. பதினைந்தாவதில் நிறுத்திவிட்டு, கூடுதல்களை வேறொரு நாள் கேளுங்கள். 'ஸ்டார்டஸ்ட்' ஆல்பத்துக்கு இந்தக் கவலை இல்லை. அதன் முப்பதாம் ஆண்டு இரட்டைத் தட்டுப் பதிப்பில் இரண்டாம் தட்டு முழுக்க அதே வகைப் பழம்பாடல்கள்.

எல்பி, அதாவது இசைத்தட்டு வாங்குபவருக்கு: 'ரெட் ஹெடட்', 'ஃபேசஸ்' இரண்டுக்கும் தட்டைத் திருப்பும் இடம் கதையிலேயே இருப்பதால் எல்பி உண்மையிலேயே பொருத்தமான வடிவம். 'ரெட் ஹெடட்' ஆல்பத்தின் முதற்காலத்து அமெரிக்கப் பிரதிகளின் லேபிளில் கேசி 33482 என்றிருக்கும். பிசி 33482 என்றால் பிந்திய மறு அச்சு. விலை வேறுபாட்டை எண்ணைவிடத் தட்டின் நிலை தீர்மானிக்கட்டும். வாத்தியங்கள் குறைவு, மௌனம் அதிகம் என்பதால் ஒவ்வொரு சொடுக்கும் காதில் விழும். 'ஷாட்கன் வில்லி'யில் டிரம்ஸுக்கு அடியில் மறைந்துபோகும் கீறல் இங்கே மறையாது.

கடையில் போட்டுப் பார்க்க விட்டால் இரண்டு இடம் போதும். முதல் பக்கத்தின் தொடக்கம்: குரலும் கிட்டாரும் மட்டும், சொடுக்கு இருந்தால் உடனே தெரியும். அடுத்து அதே பக்கத்தின் கடைசி, 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. தட்டின் நடுத்துளை சற்றே விலகியிருந்தால் சுருதி அலையும். அலைவு உட்பக்கத்துப் பள்ளங்களில்தான் அதிகம், அதைக் காட்டிக்கொடுப்பதில் தனிப் பியானோவுக்கு நிகர் வேறில்லை. பியானோ நீருக்கடியில் வாசிப்பதுபோல ஆடினால் அந்தப் பிரதியை வைத்துவிட்டு வாருங்கள். கழுவினாலும் அது சரியாகாது. வெறும் தூசி இரைச்சல் கழுவினால் போகும்.

இரண்டாவதாக என்ன கேட்பது என்றால், 'ரெட் ஹெடட்' பிடித்தவர் ஓர் ஆண்டு பின்னால் போய் 'ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்' கேட்கட்டும். அங்கே இருந்த எது இங்கே நீக்கப்பட்டது என்று காதாலேயே கணக்கெடுக்கலாம். மூன்றாவது 'ஸ்டார்டஸ்ட்'. அதன்பின் நேராக 1996க்குத் தாவி 'ஸ்பிரிட்'. டிரம்ஸே கிடையாது. ஜோடி பெய்ன் கிட்டார், ஜானி கிம்பிள் ஃபிடில், பியானோவில் அதே பாபி நெல்சன், நடுவில் இன்னும் பெரிதான ஓட்டையோடு டிரிகர்.